வெளிச்சத்தைக் கூறு போடுதல்

ஒரு டிஜிட்டல் படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று எண்ணிக் காட்டும் வரைபடம்தான் ஹிஸ்டோகிராம். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் இதற்கு நிகழ்வுச் செவ்வகம் என்று பெயர். கேமராவின் பின்திரையிலும் படத்தைத் திருத்தும் மென்பொருளிலும் ஒரு மூலையில் குட்டி மலைத்தொடர்போல் தெரியும். இடது ஓரம் கருமை, வலது ஓரம் வெண்மை. ஓர் இடத்தில் மலை எவ்வளவு உயரமோ, அந்த அளவு வெளிச்சம் கொண்ட புள்ளிகள், அதாவது பிக்சல்கள், அவ்வளவு என்று பொருள்.

புதுச்சேரி வைத்திக்குப்பம் போன்ற மீனவர் கரையில் வளர்ந்தவருக்கு இதை விளக்கத் தனிப் பாடம் வேண்டாம். வலையை உதறியதும் நெத்திலி ஒரு பக்கம், சங்கரா ஒரு பக்கம், வஞ்சிரம் தனியாக என்று பிரித்துக் கூறு போடுகிறார்கள். கூறுகளைப் பார்த்தாலே அன்றைய மீன்பாடு என்னவென்று தெரிந்துவிடும். ஆனால் எந்த மீன் வலையின் எந்தக் கண்ணில் மாட்டியது என்பதைக் கூறு சொல்லாது. ஹிஸ்டோகிராமும் அப்படியே. 1 கோடியே 20 லட்சம் பிக்சல் கொண்ட படத்தில் ஒவ்வொரு பிக்சலின் பிரகாசத்துக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் கொடுத்து, ஒரே எண் உள்ளவற்றை ஒன்றாகக் குவித்தால் 256 கூறுகள் கிடைக்கும். அவற்றை வரிசையாக நிறுத்தினால் வரைபடம் தயார். படகு இடப்பக்கம் நின்றாலும் வலப்பக்கம் நின்றாலும், படத்தையே தலைகீழாகப் புரட்டினாலும் வரைபடம் இம்மியும் மாறாது. இடம் என்ற ஒன்றே அதற்குத் தெரியாது. ஹிஸ்டோகிராமைத் தவறாக வாசிப்பவர்கள் பெரும்பாலும் இதை மறந்துதான் தவறுகிறார்கள்.

'ஹிஸ்டோகிராம்' என்ற சொல்லை 1890களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன். அவர் மனத்தில் புகைப்படம் எதுவும் இல்லை. பிலிம் காலத்தில் படம் எப்படி விழுந்தது என்பது இருட்டறையில்தான் தெரியும். அதுவரை ஒளிமானியும் அனுபவமும்தான் துணை. 1940ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்கர்களான ஆன்சல் ஆடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் முழுக்கருப்பு முதல் முழுவெண்மை வரை 0 முதல் 10 வரையிலான மண்டலங்களாகப் பிரித்து, எந்தப் பொருள் எந்த மண்டலத்தில் விழவேண்டும் என்று படம் எடுக்கும் முன்பே முடிவு செய்யும் முறையை உருவாக்கினார்கள். டிஜிட்டல் கேமரா அதே கணக்கை, எடுத்த நொடியிலேயே, 256 கூறுகளாகப் போட்டுக் காட்டுகிறது.

படமே திரையில் தெரியும்போது வரைபடம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. கண்ணை நம்ப முடியாது என்பதுதான் பதில். உச்சிவெயிலில், மணல் கண்ணைக் கூசவைக்கும் நேரத்தில், கேமராத் திரை மங்கித் தெரியும். படம் இருட்டாகிவிட்டதென்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டினால், வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது எல்லாம் வெளுத்துப்போயிருக்கும். இரவில் இதற்கு நேர்மாறு: இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அதே திரை ஜகஜ்ஜோதியாக இருக்கும், உண்மையில் படம் பாதி கருப்பு. கூறுகளின் எண்ணிக்கை வெயிலாலும் மாறாது, இரவாலும் மாறாது.

வைத்திக்குப்பம் புதுச்சேரி நகரின் வடபகுதியில், பிரெஞ்சுக்காரர்களின் வெள்ளை நகரத்தையும் குருசுக்குப்பத்தையும் தாண்டி இருக்கிறது. சோழமண்டலக் கரை முழுவதையும்போல இங்கும் கடல் கிழக்கே. காலை ஆறரை மணிவாக்கில் கடலை நோக்கி நிற்பவருக்குச் சூரியன் நேர் எதிரே. கரைக்கு வரும் படகுக்கு அது பின்னொளி. இந்தக் காட்சியின் ஹிஸ்டோகிராமில் இரண்டு மேடுகள் எழும். வலப்பக்க மேடு வானமும் பளபளக்கும் நீரும். இடப்பக்க மேடு படகு, ஆட்கள், கரையோரக் கருங்கற்கள். நடுவில் பள்ளம். நடுவில் அழகாக ஒரே மலை இருந்தால்தான் நல்ல படம் என்று பல கையேடுகள் சொல்லித் தொலைத்திருக்கின்றன. அந்த மலையைத் தேடி இந்தப் படத்தை இழுத்தால் வானமும் கெடும், படகும் கெடும். இரண்டு மேடு இருப்பது தவறல்ல. எதிரே நின்றது அப்படிப்பட்ட காட்சி. ஆளின் முகம் வேண்டுமா, வானத்தின் நிறம் வேண்டுமா என்பதை எடுப்பவர்தான் முடிவு செய்யவேண்டும், வரைபடம் செய்யாது. அதே இடத்தில் அதே நேரத்தில் நீரோரம் நின்று கரையை நோக்கித் திரும்பினால் வெளிச்சம் எல்லோர் முகத்திலும் நேராக விழும். மேடுகள் இரண்டும் ஒன்றோடொன்று நெருங்கும்.

எண்களுக்கும் உண்மையான வெளிச்சத்துக்கும் உள்ள உறவு நேர்விகிதம் இல்லை. கண்ணின் இயல்பை ஒட்டி, இருட்டுப் பகுதிக்கு அதிக எண்களும் வெளிச்சப் பகுதிக்குக் குறைந்த எண்களும் போகும்படி படக்கோப்பில் ஒரு வளைவு சேர்க்கப்படுகிறது. கணினித் திரைகளுக்கான எஸ்ஆர்ஜிபி தரத்தின்படி முழுவெண்மை 255 என்றால், அதில் பாதி வெளிச்சம் 128இல் விழாது, 188இல் விழும். அதிலும் பாதி 137, அடுத்த பாதி 99, அதற்கடுத்தது 71. ஷட்டர் நேரத்தைப் பாதியாக்குவது வெளிச்சத்தைப் பாதியாக்குவதுதான்; இதைப் படம் எடுப்பவர்கள் ஒரு ஸ்டாப் என்கிறார்கள். ஆக ஒரு ஸ்டாப் குறைத்தால் மலைத்தொடர் முழுவதும் இடப்பக்கம் நகரும். வலது ஓரத்தில் பெரிய எட்டும், இடப்பக்கம் போகப்போகச் சின்னச் சின்ன எட்டும் வைக்கும். கேமராக்கள் தங்கள் சொந்த வளைவையும் சேர்ப்பதால் எண்கள் கொஞ்சம் முன்பின் ஆகலாம், நடை இதுதான்.

கேமராவின் தானியங்கி ஒளிமானிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதிரே இருப்பது எதுவானாலும், சராசரியில் நடுத்தரச் சாம்பல்தான் என்று அது எடுத்துக்கொள்கிறது. அந்தச் சாம்பல் தன்மேல் விழும் வெளிச்சத்தில் 18% அளவைத் திருப்பி அனுப்புவது. மேற்சொன்ன அளவுகோலில் 118. வெயிலில் காயும் மணலும் நுரையும் சட்டம் முழுவதும் நிறைந்திருந்தால், அவற்றையும் இழுத்து 118க்குக் கொண்டுவந்துவிடும். வெண்நுரை சாம்பல் நுரையாகும். நல்ல வெயிலில் அப்பர்ச்சர் 16, ஷட்டர் நேரம் பிலிமின் வேக எண்ணுக்குத் தலைகீழ் என்பது பிலிம் காலத்துப் பழைய வாய்ப்பாடு. வெண்மணலுக்கும் பனிக்கும் மட்டும் 22 என்று அதற்கு ஒரு விதிவிலக்கும் வைத்திருந்தார்கள். ஒளிமானி ஏமாறும் அதே காட்சியைக் கண்ணால் அறிந்து சொன்ன விலக்கு அது. ஹிஸ்டோகிராமில் இந்தப் பிழை பளிச்சென்று தெரியும்: படம் முழுக்க வெண்மணல், ஆனால் மேடு நடுவில் நிற்கிறது, வலப்பக்கம் காலி. நாலுபேர் நிற்கும் இருண்ட படகுக்குடிசையை எடுத்தால் இதே பிழை எதிர்த்திசையில் வரும்.

மலை ஓரத்தில் மோதி நிற்பதுதான் உண்மையான அபாயம். வலது ஓரச் சுவரில் ஒரு கம்பம்போல் கூறு எழுந்திருந்தால், அங்குள்ள பிக்சல்கள் 255ஐத் தாண்டிப் போயிருக்கவேண்டியவை, இடமில்லாமல் அங்கேயே குவிந்துவிட்டவை என்று பொருள். அவற்றில் விவரம் எதுவும் மிச்சமில்லை. மென்பொருளால் இருட்டாக்கினால் வெள்ளைக்குப் பதில் தட்டையான சாம்பல் கிடைக்கும், அவ்வளவுதான். இங்கேதான் இடம் தெரியாத குறை வந்து நிற்கிறது. அலையின் முகட்டில் சூரியன் சிதறும் பொட்டுகள் 255இல் இருந்தால் நஷ்டமில்லை, அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஒரு பெரியவரின் வெள்ளை வேட்டி மடிப்புகள் 255இல் இருந்தால் துணி காகிதமாகிவிடும். இரண்டுக்கும் கம்பம் ஒன்றுபோலவே எழும். அதனால்தான் பல கேமராக்கள் ஓரம் தாண்டிய இடங்களைத் திரையில் மினுக்கிக் காட்டும் வசதியையும் சேர்த்துத் தருகின்றன. வரைபடம் 'எவ்வளவு' என்கிறது, மினுக்கல் 'எங்கே' என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே சரி.

இதில் நுட்பமான ஒரு விஷயம் உண்டு. 'ரா' கோப்பில், அதாவது சென்சார் பதிந்த எண்களை வளைவு சேர்க்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பில், எடுப்பவருக்கும் கேமராத் திரை காட்டுவது அந்தக் கோப்பின் ஹிஸ்டோகிராம் அல்ல. கேமரா உள்ளுக்குள் தயாரிக்கும் ஜேபெக் முன்னோட்டத்தின் ஹிஸ்டோகிராம். திரையில் ஓரம் தொட்டதுபோல் தெரிந்தாலும் 'ரா' கோப்பில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கக்கூடும். அந்தக் கோப்பில் எண்கள் வெளிச்சத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் இன்னொரு விளைவும் உண்டு. 12 பிட் கோப்பின் 4096 படிகளில் மிக வெளிச்சமான ஒரு ஸ்டாப் மட்டுமே 2048 படிகளை எடுத்துக்கொள்கிறது. அடுத்ததற்கு 1024, அதற்கடுத்ததற்கு 512. இருட்டுக்குப் போகப்போகப் படிகள் வற்றிவிடும். ஆகவே, ஓரம் தொடாத வரை மலையை வலப்பக்கம் தள்ளி எடுத்துவிட்டுப் பிறகு மென்பொருளில் இறக்கிக்கொள்வது லாபம். நிழலில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சல் குறையும். ஜேபெக்கில் மட்டும் எடுப்பவர் இந்த உத்தியைக் கையாண்டால் வானத்தை இழப்பார்.

முகத்தோலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கடல்வெயிலில் உழைக்கும் ஒருவரின் கரிய தோல், சரியாக எடுத்த படத்தில் அளவுகோலின் நடுவுக்கு இடப்பக்கம்தான் விழும். அது இருட்டாக எடுத்த படம் அல்ல. ஹிஸ்டோகிராமைப் பார்த்து, மலை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறதே என்று வளைவை மேலே இழுத்தால் ஆளின் நிறமே மாறிவிடுகிறது. கல்யாண ஆல்பங்களில் மணமக்கள் இருவரும் மாவில் புரண்டவர்கள்போல் தோன்றுவதற்கு இந்தப் பழக்கம் ஒரு காரணம். பிலிம் காலத்திலும் இந்தக் கோளாறு இருந்தது: அமெரிக்க ஆய்வகங்கள் வண்ணத்தைச் சரிபார்க்க வைத்திருந்த மாதிரி அட்டைகளில் நீண்ட காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே அளவாக இருந்தது.

இதுவரை சொன்னது பிரகாசத்தின் கூறு. வண்ணப் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒற்றை வரைபடமாகக் காட்டும்போது பல கருவிகள் சிவப்புக்கு ஏறத்தாழ 30%, பச்சைக்கு 59%, நீலத்துக்கு 11% எடை கொடுத்து அவற்றைக் கலக்கின்றன. மனிதக் கண் பச்சையை அதிகமாகவும் நீலத்தைக் குறைவாகவும் உணர்வதால் இந்தப் பங்கீடு. பிரைஸ் பேயர் கோடாக் நிறுவனத்துக்காகக் கண்டுபிடித்து 1976இல் காப்புரிமை பெற்ற வண்ணவடிகட்டியிலும் இதே ஓரவஞ்சனைதான்: சென்சாரின் கண்களில் பாதி பச்சைக்கு, கால் சிவப்புக்கு, கால் நீலத்துக்கு.

இந்த எடை எப்படி ஏமாற்றும் என்பதை மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்திலேயே பார்க்கலாம். அன்று மயிலம், திண்டிவனம், செஞ்சி என்று பல ஊர்களிலிருந்தும், நகரின் மணக்குள விநாயகர் போன்ற கோயில்களிலிருந்தும் உற்சவர்கள் தீர்த்தவாரிக்கு இந்தக் கடற்கரைக்கு எழுந்தருள்கிறார்கள். அரக்குச் சிவப்புப் பட்டு, சாமந்தி மாலை, பொன்னகை, அதன்மேல் வெயில். பட்டின் ஒரு மடிப்பில் சிவப்பு 255, பச்சை 40, நீலம் 30 என்று வைத்துக்கொள்வோம். எடைபோட்டுக் கலந்தால் வருவது 103. ஒற்றை வரைபடத்தில் அது நடுவுக்கும் இடப்பக்கம், யாதொரு ஆபத்துமின்றி உட்கார்ந்திருக்கும். ஆனால் சிவப்புக் கூறு சுவரில் மோதிவிட்டது. நெசவின் இழையும் மடிப்பின் நிழலும் அந்தச் சிவப்பில்தான் இருந்தன. இப்போது பட்டு பிளாஸ்டிக் தாள்போலத் தெரியும். சாமந்தியும் அப்படித்தான்: சிவப்பு 255, பச்சை 150, நீலம் 0 என்றால் கலவை சுமார் 165. இதழ் இதழாக இருந்த மாலை ஒரே மஞ்சள் பட்டையாகும். திருவிழாவை எடுப்பவர் மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத்தான் வைத்துக்கொள்ளவேண்டும்; ஒற்றை வரைபடம் போதாது. சிவப்பு சுவரைத் தொட்டால் வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ இறக்குவதுதான் வழி.

நிறச்சமநிலையைச் சோதிப்பதற்கும் இந்த மூன்று வரைபடங்களே கருவி. நிறமற்ற ஒரு பொருள், அதாவது வெள்ளையோ சாம்பலோ கருப்போ, சரியான சமநிலையில் மூன்று எண்களிலும் ஒன்றாக நிற்கவேண்டும். சுண்ணாம்பு அடித்த சுவர் மாலை வெயிலில், வளைவு சேர்க்காத அளவில், சிவப்பு 232, பச்சை 214, நீலம் 181 என்று விழுந்திருந்தால் வெளிச்சம் மஞ்சள் பக்கம் சாய்ந்திருக்கிறது. பச்சையை அப்படியே வைத்து, சிவப்பை 0.92ஆலும் நீலத்தை 1.18ஆலும் பெருக்கினால் மூன்றும் 214இல் சேரும். கேமராவில் வொயிட் பேலன்ஸ் என்று திருகுவது சாராம்சத்தில் இந்த இரண்டு பெருக்கல்கள்தான். 5500 கெல்வின் என்பது பகல் வெயில், 3000ஐ ஒட்டியது பழைய குண்டுபல்பு, நீலவானத்து நிழல் 7000க்கும் மேலே என்பவை அந்தப் பெருக்கல்களுக்கு வைத்த அடையாளங்கள்.

வெள்ளை என்று நம்பி எதைத் தொடுவது என்பதில்தான் வம்பு. சலவை செய்த வேட்டி உண்மையில் வெள்ளை இல்லை. சொட்டுநீலம் அதை நீலத்தின் பக்கம் கொஞ்சம் தள்ளியிருக்கும். அதை அளவாக வைத்துச் சரிசெய்தால் படம் முழுவதும் மஞ்சள் ஏறும். சாம்பல் அட்டை ஒன்றைப் பையில் வைத்திருப்பது சுலபம். தானியங்கி முறை இன்னொரு விதமாகத் தடுமாறும். அதன் பழைய வடிவம், ஒரு காட்சியில் உள்ள எல்லா நிறங்களையும் கூட்டிச் சராசரி எடுத்தால் சாம்பல் வரும் என்று நினைப்பது. வைத்திக்குப்பத்துக்குத் தெற்கே வெள்ளை நகரத்துத் தெருக்களில், சட்டம் நிறையக் கடுகுமஞ்சள் சுவர் நிற்கும் இடத்தில், சராசரி எப்படிச் சாம்பலாகும்? நீலக் கூறு இடப்பக்கம் ஒதுங்கி நிற்பதைக் குறை என்று எடுத்துக்கொண்டு கேமரா நீலத்தை ஊட்டும். மஞ்சள் சுவர் நோயாளிபோல் வெளிறும். நீலவண்ணம் பூசிய ஃபைபர் படகை நெருங்கி எடுத்தால் மணல் செம்மை ஏறும். சூரிய உதயத்தின் மூன்று வரைபடங்களும் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கவேண்டியவையே. அவற்றை ஒன்றாக அடுக்கிச் 'சரி' செய்தவருக்கு நடுப்பகல் கிடைக்கும், உதயம் கிடைக்காது.

இரவு விளக்குகளில் சிலவற்றுக்குச் சரிசெய்தல் என்ற பேச்சே செல்லாது. குறைந்த அழுத்தச் சோடியம் விளக்கின் ஒளி கிட்டத்தட்ட முழுவதும் 589 நானோமீட்டரை ஒட்டிய ஒரே மஞ்சள். நீலக் கூறு பூச்சியத்தில் கிடக்கும். பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியம். திருவிழாப் பந்தலின் நீல எல்இடி சரவிளக்கு இதற்கு நேர்மாறு: நீலம் மட்டும் சுவரில் மோதி, மற்ற இரண்டும் தரையில் கிடக்கும்.

திருத்தும் மேசையில் ஹிஸ்டோகிராம் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். 60 முதல் 180 வரை மட்டுமே பரவிய 8 பிட் படத்தை இழுத்து 0 முதல் 255 வரை பரப்பினால், 121 கூறுகள் 256 இடங்களுக்குப் பங்கிடப்படவேண்டும். இடையிடையே காலியிடம் விழுந்து வரைபடம் பல்லிளித்த சீப்புபோல் ஆகும். அதிகாலை வானத்தின் மெல்லிய சரிவு அப்போது படிப்படியாகப் பட்டையிடும். கோப்பைக் கையில் வாங்கியதும் சீப்பைப் பார்த்தாலே, இது ஏற்கெனவே நன்றாக இழுக்கப்பட்டது என்று அச்சகத்துக்காரர் கண்டுகொள்வார்.

பழைய படங்களை மீட்பதிலும் இதே வாசிப்புதான். புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனம், தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் பதிவு செய்த ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட படங்களின் சேகரத்தை வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட கருப்புவெள்ளை நெகட்டிவ் ஒன்றை ஸ்கேன் செய்யும்போது இடவலம் புரளும். வானம்தான் நெகட்டிவில் கரியது. கருங்கல் சிற்பத்தின் மேடு இயல்பிலேயே குறுகலானது. அதைச் சுவருக்குச் சுவர் நீட்டும் தானியங்கிப் பொத்தானை அழுத்தினால் கல் கரியும் சுண்ணாம்புமாகப் பிளக்கும். வீடுகளில் மாட்டியிருக்கும் 1970களின் வண்ணப்படங்கள் செம்மை ஏறி நிற்பது வேறு கதை: சியான் சாயம் மங்கியதால் சிவப்பு ஒளியைத் தடுக்க ஆளில்லை, சிவப்பு வரைபடத்தின் இடது கால் பூச்சியத்தைத் தொடாமல் மேலே தொங்கும். மூன்றையும் தனித்தனியாக இழுத்து, கால்களைத் தரையில் ஊன்றவைத்தால் பாதி நிறம் திரும்பிவிடும்.

இடம் தெரியாத வரைபடம் ஒன்றே ஓர் இடத்தின் எல்லையை வரையவும் பயன்படுகிறது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுக அலைதடுப்புச் சுவர்கள் வந்தபின், தெற்கிலிருந்து வடக்கே கடலோடு நகரும் மணல் அங்கேயே தங்கிவிட, நகரக் கரை அரிக்கப்பட்டது. மணல் இருந்த இடத்தில் கருங்கல் கொட்டப்பட்டது. எவ்வளவு கரை போயிற்று என்பதை அளக்கச் செயற்கைக்கோள் படங்கள் உதவுகின்றன. அண்மை அகச்சிவப்புக் கதிரை நீர் விழுங்கிவிடும், மணலும் செடியும் திருப்பியனுப்பும். ஆகவே அந்தக் கதிரில் எடுத்த படத்தின் ஹிஸ்டோகிராமில் கடல் இடப்பக்கம் ஒரு மேடு, நிலம் வலப்பக்கம் ஒரு மேடு, காலைப் படகுப் படம்போலவே. ஜப்பானியரான நொபுயுகி ஓட்சு 1979இல் வெளியிட்ட முறைப்படி, இரண்டு கூட்டங்களையும் மிக நன்றாகப் பிரிக்கும் எண்ணைக் கணக்கிட்டு வெட்டினால், அதற்குக் கீழ் உள்ளவை நீர், மேல் உள்ளவை நிலம். அவை சந்திக்கும் கோடு கரை. வெவ்வேறு ஆண்டுகளின் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அரிப்பு தெரியும்.

பள்ளத்தில் விழும் பிக்சல்கள்தான் தொல்லை. நுரை, ஈரமணல், அலை நனைத்த கல் இவை எந்த மேட்டையும் சேராமல் நடுவில் கிடக்கும். ஓதம் ஏறியிருந்ததா இறங்கியிருந்ததா என்பதைப் பொறுத்து அவை பக்கம் மாறும். இந்தியத் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்களின் லிஸ்-3 கருவியில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 23.5 மீட்டர். கல்வரிசைக்கும் வீட்டுத் திண்ணைக்கும் நடுவே மணல் அதைவிடக் குறுகலாக இருக்கும் இடத்தில், கல், படகு, உலரும் வலை, நுரை எல்லாம் ஒரே பிக்சலில் கலந்து, ஒரே எண்ணாகி, ஒரே கூறில் போய் விழுகின்றன.